அப்பா பாட்டில் ஒரு வார்த்தை

என் அக்கா என்னோடு பேசி இருபத்திரண்டு வருஷமாகிறது. அதற்காக வாசலோடு போய்விடு என்று சொல்கிற ரகமில்லை அவள். போனால் டீ வரும். டம்ளரை வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமான்னு அவனைக் கேளுங்க" என்று தன் கணவரிடம் சொல்வாள். நான் அங்கேதான், மூன்றடி தள்ளி, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மாமா என் பக்கம் திரும்பி, "சர்க்கரை போதுமா மாப்ளே?" என்பார். "போதும்னு சொல்லுங்க மாமா" என்பேன். மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்த மனுஷர், ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

காரணம் ஒரே ஒரு வார்த்தை. அப்பா கட்டிய பாட்டிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டேன். அது என் வேலை. வானொலி நிலையத்தின் பாட்டுப் பிரிவில் எனக்கு நாற்காலி போட்டதே அதற்காகத்தான். நிலையத்தில் என்னை 'வார்த்தைக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், இருந்தாலும் கேட்கக் கேட்கப் பழகிவிட்டது.

இந்த வேலை எப்படி முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்திய சங்கீதம் என்று உலகமே சொல்வதை எங்கள் நிலையத்தில் 'தேசிய இசை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. நாடு ஒன்றாக இருக்க வேண்டுமானால் எந்த மதத்துக் கடவுளின் பெயரும் தேசிய இசையில் வரக்கூடாதாம். கடவுள் பெயர் உள்ள ராகங்களுக்கு நம்பர் போட்டார்கள். அறிவிப்பாளர், "அடுத்து ராகம் பதினேழு" என்று ஏதோ பஸ் வருகிற மாதிரி சொல்வார். ஆர்மோனியம் அந்நிய நாட்டு வாத்தியம் என்று ஸ்டுடியோவை விட்டு வெளியே போனது. எதிரில் இருந்த மைக்கும் மொட்டை மாடியில் நின்ற கோபுரமும் எந்த ஊர்ச் சாமான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டுகளை என்ன செய்வது? நூற்றுக்குத் தொண்ணூறு பாட்டில் கடவுள் இருக்கிறார். இந்த மதத்துக்காரர் அந்த மதத்துச் சாமியைப் பாடியிருப்பார், அந்த மதத்துக்காரர் இந்த மதத்துச் சாமியைப் பாடியிருப்பார். அதுவரை ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. எல்லாப் பாட்டையும் நிறுத்திவிட்டால் ஒலிபரப்புக்கு இசையே இருக்காது. ஆகவே பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு வேறு சொல் போட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் கொஞ்சம் யாப்பு படித்தவன், அப்பாவிடம் கொஞ்சம் பாட்டும் கற்றவன். மாட்டினேன்.

வார்த்தையைச் சும்மா மாற்ற முடியாது. பாடுகிறவர் மேல் ஸட்ஜத்தில் வாயைத் திறந்து 'ஆ' என்று நிற்கிற இடத்தில் நான் ஓர் 'ஈ'யைக் கொண்டுபோய் வைத்தால், தொண்டை இறுகி, கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்வான். அதனால் உயிர் ஓசை அப்படியே இருக்க வேண்டும். ஆ இருந்த இடத்தில் ஆ, ஏ இருந்த இடத்தில் ஏ. மெய்யெழுத்து மட்டும்தான் என் கையில். ஓசைவாரியாகப் பிரித்து ஒரு நோட்டில், எடுக்க வேண்டிய பெயர்களும் பதிலுக்கு வைக்கிற சொற்களுமாக நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பாட்டு வந்தால், கடவுளின் பெயர் என்ன ஓசை என்று பார்ப்பேன், அந்தப் பக்கத்தைத் திருப்புவேன், பொருந்துவதை எடுத்து வைப்பேன். பாடுகிறவர்களுக்கு மாறியதே தெரியாது. கர்வமாகச் சொல்கிறேன், என்னைப் போல அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது.

அப்பா தையல்காரர். எல்லா மதத்துப் பெரியவர்களுக்கும் உடுப்பு தைத்தவர். அதில் இரண்டு பேர் பெரிய பாடகர்கள், இருவரும் வெவ்வேறு மதம். இருவரிடமும் தையல் கூலி வாங்காமல் பாட்டு வாங்கிக்கொண்டார் அப்பா. மெஷினை மிதித்துக்கொண்டே தானும் பாட்டுக் கட்டுவார். எந்த வீட்டில் அவருக்கு மரியாதையாக ஒரு வாய்ச் சோறு போட்டார்களோ அந்த வீட்டுச் சாமிக்கு ஒரு பாட்டு. எதையும் எழுதி வைத்ததில்லை. "பாடுறதை எதுக்குடா எழுதணும்" என்பார்.

அதில் ஒன்றுதான் இது. 'எந்த வாசலில் வந்து நின்றாலும் என்னை அறிவாய்' என்று தொடங்கும். அதற்கடுத்து ஒரு கடவுளைக் கூப்பிடுவார். ஆ-அ-அ-ஏ என்று நான்கு எழுத்து. 'ஆ' மேலே போய்த் தாளத்தில் ஒரு சுற்று முழுக்க நிற்கும், பிறகு மெதுவாக இறங்கி 'ஏ'யில் உட்காரும். கேட்டால் மனசு கரைந்துவிடும். அந்த இடத்தில்தான் நான் 'தாயகமே' என்று போட்டேன்.

இப்போது நான் இருபத்திரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். என்னைப் போடச் சொன்னவளே அக்காதான்.

அவள் அப்போது நிலையத்தில் நிரந்தரம் ஆகாத பாடகி. மாமா கம்பத்தடியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். தேசிய நாளுக்குப் புதிதாக ஒரு பாட்டுப் பாடினால் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்ததிலேயே உருக்கமான பாட்டு இதுதான். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் என்னைப் பிடித்தாள். "ஏதாவது ஒரு வார்த்தை போடுடா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் சொல்லவே இல்லை. அப்பா காலையில் ரேடியோவில் கேட்டார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யார் வேலை இது?" என்றார். அக்கா ஸ்டுடியோவில் இருந்தாள். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் வேலைப்பா" என்றேன். பொய் இல்லையே.

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடவில்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டார். அவருக்கு இருதயக் கோளாறு, டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனால் உடலைக் கிடத்தியிருந்த கூடத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், அக்கா என்னைப் பார்த்து, "அப்பா பாட்டைச் சாகடிச்சான், அப்பாவையும் சாகடிச்சான்" என்று அழுதாள். இழவு வீட்டில் எழுந்து நின்று, "நீதானே சொன்ன" என்று சண்டை போட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் சொல்லாதது மறு வருஷமும் வாயில் வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

எனக்குக் கோபம். இன்றைக்கும் கோபம்தான். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. 'மாத்தச் சொன்னது நான்தான்' என்று ஒரு தடவை, நாலு பேர் காதில் விழ, அவள் வாயால் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

சொல்வாளா? பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடங்களில் பாடினார்கள், விளையாட்டு மைதானத்தில் பாடினார்கள், பஸ்ஸில் குழந்தைகள் பாடின. என் 'தாயகமே'யை அந்த மேல் ஸட்ஜத்தில் நிறுத்த முடியாமல் ஊர் முழுக்கக் கீச்சுக் குரலில் இழுத்தார்கள். அக்கா 'தாயகமே அம்மா' ஆகிவிட்டாள். வருஷாவருஷம் தேசிய நாளன்று காலை எட்டு மணிக்கு அவள் பாடினால்தான் நாடு கண் விழிக்கும் என்கிற அளவுக்கு.

இந்த வருஷம் காற்று திசை மாறியது. புது ஆட்சி, புது சுற்றறிக்கை. தேசிய இசை என்பது பக்தியில் பிறந்ததாம், கடவுளை அதிலிருந்து பிரித்தது வரலாற்றுத் தவறாம், மூலச் சொற்களை எல்லாம் திரும்ப வைக்க வேண்டுமாம். ராகம் பதினேழுக்குப் பழைய பெயர் கிடைத்தது. ஆர்மோனியம் மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு மதம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

நிலைய இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னப் பெண், மரியாதையானவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள்.

"சார், தேசிய நாள் நிகழ்ச்சியை உங்க அப்பா பாட்டிலேயே ஆரம்பிக்கலாம்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. மூல வார்த்தையோட. அக்காவுக்கு அன்னைக்கே விருதும் அறிவிக்கிறாங்க. அந்த வார்த்தை என்னன்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார்.

பேனாவை எடுத்தேன். எழுதப் போனேன். கை நின்றது.

அந்த வார்த்தை எனக்கு நினைவில் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அது மறந்துவிட்டது என்பதே எனக்குத் தெரியாது. கேட்டால் வந்துவிடும் என்றுதான் இருந்தேன். வந்தது, ஒன்றல்ல, கூட்டமாக வந்தது. மாதவனே. நாயகமே. பாலகனே. காவலனே. எல்லாம் ஆ-அ-அ-ஏ. என் நோட்டில் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சொற்கள். எந்த மதத்துச் சாமி என்பதே பிடிபடவில்லை. மற்றவர்களுக்குப் பாட்டு மறந்தால் ஓசையாவது மிஞ்சும், அதை வைத்து வார்த்தையைப் பிடித்துவிடுவார்கள். எனக்கு ஓசையைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

"பழைய கோப்பைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். கோப்பு அறையில் அரை நாள் தும்மினேன். அந்தப் பாட்டின் திருத்தச் சீட்டுக் கிடைத்தது. இடது பக்கம் 'மூலம்', வலது பக்கம் 'திருத்தம்'. வலது பக்கத்தில் என் கையெழுத்தில் 'தாயகமே'. இடது பக்கத்தில் கறுப்பு மை. மூலச் சொல்லை யாரும் படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அழித்ததும் நான்தான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், திருப்பிப் பார்த்தேன், விரலால் தடவினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை, இதையும் அப்படித்தான் செய்திருந்தேன்.

மறுபடி இயக்குநர் அறை. விஷயத்தைச் சொன்னேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஞாபகம் வரலைன்னா, இது பொருந்துமான்னு பாருங்க சார்."

மேலிடத்தில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பெயர். அந்தப் பெயர் எந்தச் சாமியுடையது என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம், புது ஆட்சி வந்ததிலிருந்து எல்லாக் கம்பத்திலும் அந்தச் சாமி படம்தான் ஒட்டியிருந்தது. மனசுக்குள் பாடிப் பார்த்தேன். பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்தியது. அதுவே அப்பா வைத்த பெயராகவும் இருக்கலாம். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? என்மீது கோபம் என்பதே அந்த வார்த்தைக்காகத்தானே. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமாவும் நானும் அந்த அறை வாசல்படி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

"மாமா, தேசிய நாளைக்கு அப்பா பாட்டைப் பழைய வார்த்தையோட பாடணுமாம். அந்த வார்த்தை என்னன்னு அக்காகிட்ட கேளுங்க" என்றேன்.

மாமா திரும்பினார். "உன்னைத்தான் கேக்கறான்."

கத்தி ஒரு கணம் நின்றது. "எடுத்துப்போட்டவனுக்குத் தெரியாதாமா?"

"தெரியாதாமா?" என்றார் மாமா என்னிடம்.

"தெரியலன்னு சொல்லுங்க. மறந்துட்டேன். இதைச் சொல்லிக் காட்டணும்னா அப்புறம் சொல்லிக் காட்டட்டும். இப்ப வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க."

"ஏம்மா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"வெங்காயம் இல்ல. போய் வாங்கிட்டு வாங்க" என்றாள் அக்கா.

கூடையில் வெங்காயம் குவிந்து கிடந்தது, மாமாவும் அதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷர்.

அவர் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் தெரியலடா."

இருபத்திரண்டு வருஷம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"அப்பா போன அன்னைக்கே. எல்லாரும் சுத்தி நின்னாங்க இல்ல, அவர் பாட்டை அவர் காதுல மெதுவாப் பாடலாம்னு குனிஞ்சேன். உன் வார்த்தைதான் வந்தது. எவ்வளவு முட்டினாலும் அதுதான் வருது. உன்னைப் பார்த்தேன். பத்திக்கிட்டு வந்தது எனக்கு."

அவள் குரல் உடைந்தது. பாட்டுப் பாடி ஊரையே அழ வைப்பவள், தான் அழும்போது ரொம்ப அசிங்கமாக அழுவாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. அக்காதானே. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள்தானே.

"சரி, பாடிப் பார்க்கலாம்" என்றேன்.

தரையில் உட்கார்ந்தோம். தம்புரா எல்லாம் எடுக்கவில்லை. நான் பையிலிருந்து நோட்டை எடுத்து அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் அந்த வரியில் வைத்துப் பாடினாள். ஒவ்வொன்றும் அம்சமாக உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பா அதைத்தான் பாடியிருப்பார் என்று தோன்றியது. நடுவில் ஒரு பெயரைப் பாடும்போது அவள் கண் மூடிக்கொண்டது. இறங்கி வந்து 'ஏ'யில் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதானேடா? சொல்லு. இதுதானே?"

அந்தக் கை சில்லென்று இருந்தது. 'ஆமாக்கா' என்று ஒரு சொல் போதும். அவளுக்கு நிம்மதி, எனக்கு என் அக்கா. வார்த்தை மாற்றியே வாழ்க்கையை ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமான்னு சொல்லத்தான் ஆசைக்கா. தெரியல" என்றேன்.

கையை விட்டுவிட்டாள். கோபம் இல்லை, சும்மா விட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து இயக்குநர் கொடுத்த சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இதைத்தான் பாடச் சொல்கிறார்கள் என்றேன். விருது பற்றியும் சொன்னேன். அவள் படித்துவிட்டு, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் காத்திருந்தேன். இவ்வளவு பேசிவிட்டோமே, அந்த இன்னொரு வாக்கியமும் வரும் என்று பார்த்தேன். தண்ணீர்க் குழாய், தாழ்வாரம், 'ஏதாவது ஒரு வார்த்தை போடுடா'. கேட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தேன். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு என்று மூடிக்கொண்டேன்.

மாமா ஒரு கிலோ வெங்காயத்தோடு வந்தார்.

"அவன் சாப்பிட்டுட்டுப் போறானான்னு கேளுங்க" என்றாள் அக்கா.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "பசி இல்லன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நாலு தெரு தள்ளிப் போய்த்தான் என் பையை அங்கேயே விட்டுவிட்டதைக் கவனித்தேன். திரும்பிப் போகவில்லை. வீம்பு என்று வந்துவிட்டால் நானும் அவளுக்குச் சளைத்தவனில்லை.

தேசிய நாள் காலை. அன்றைக்கு நிலையத்தில் பொறுப்பு அதிகாரி நான். கட்டுப்பாட்டு அறையில் என்ஜினீயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவை ஸ்டுடியோவுக்குள் விட மாட்டார்கள் என்பதால் எங்கள் அறையில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, தபலாக்காரர், தம்புரா போடும் பெண். அக்கா எதிரில் தாளில்லை. அந்தச் சீட்டு மட்டும் மடித்தபடி தொடை பக்கத்தில் கிடந்தது. சரி, பாடப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாடட்டும். யார் கண்டது, அதுவே சரியான வார்த்தையாகவும் இருக்கலாம். எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆலாபனை பத்து நிமிஷம். ஐம்பத்தெட்டு வயதுக் குரல் போலவே இல்லை. மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தபலா சேர்ந்தது. 'எந்த வாசலில் வந்து நின்றாலும் என்னை அறிவாய்' என்று எடுத்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. இதோ அந்த இடம், இதோ ஏறுகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நிறுத்திவிட்டாள். தபலாக்காரர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டார். தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த இடத்துல எங்க அப்பா ஒரு சாமி பேரை வச்சிருந்தார்" என்றாள் அக்கா மைக்கில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில். "நீங்க எல்லாரும் பாடுற வார்த்தை அவரோடது இல்ல. அது என் தம்பி போட்டது. இப்ப இன்னொரு பேரைப் பாடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காங்க. அது சரியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. எங்க அப்பா பாட்டு எனக்கே மறந்துபோச்சு."

என்ஜினீயர் என்னைப் பார்த்தார். மேஜையில் தொலைபேசி அடித்தது. அவரே எடுத்தார், கேட்டார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், டைரக்டர் மேடம். கட் பண்ணிட்டுப் பழைய பதிவைப் போடச் சொல்றாங்க. உடனே."

அவர் விரல் திருகில் இருந்தது. ஒரு திருகு திருகினால் நாடு முழுக்க அக்கா நின்றுவிடுவாள்.

"இன்னொண்ணு" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமினாள். "என் தம்பி தானா மாத்தல. மாத்தச் சொன்னது நான். எனக்கு வேலை வேணும்னு நான்தான் கேட்டேன். அப்பாகிட்ட நானே சொல்றேன்னு சொல்லிட்டு, சொல்லாம விட்டேன். செத்த வீட்ல பழியைத் தூக்கி அவன் தலையில போட்டேன். அவன் இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கல."

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "நிஜமா மாப்ளே?"

தலையாட்டினேன்.

"எங்கிட்டகூட ஏண்டா சொல்லல?"

"உங்களுக்குக் கால் ஒடிஞ்சிருந்தது மாமா" என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். நாலு பேர் காதில் விழ வேண்டும் என்றேன், நாடே கேட்டது. அது வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. போதும்க்கா, எனக்குப் போதும், விருது போய்விடும், பெயர் போய்விடும், வந்து உட்காருக்கா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் மறைத்தது.

தொலைபேசி மறுபடி அடித்தது. என்ஜினீயர் எடுக்கவில்லை.

"சார், என்ன பண்ணட்டும்? கட் பண்ணிடவா?"

"இருங்கப்பா" என்றேன். "எங்க அக்கா பேசிட்டிருக்காங்க."